வலிக்காத புண்

வடக்கனந்தல்,
14.2.1994

அன்புள்ள மாமாவுக்கு, செவ்வந்தி எழுதுவது.

நானும் அத்தையும் நலம். வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்கவேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நாலாம் மாதம் என்று நர்ஸ் அம்சவள்ளி அக்கா ரத்தம் எடுக்கச் சொன்னார். சிபிலிஸ் என்று வந்திருக்கிறது. பெரியவர்கள் மேகநோய் என்பார்களே, அதுதான். முதல் இரண்டு பிள்ளைகளும் செத்துப் பிறந்தது இதனால்தான் இருக்கும் என்றார் டாக்டர். ஆணும் பெண்ணும் சேர்வதால் ஒட்டுகிற நோயாம். உங்களைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்? என் கோபம் தபாலில் அடங்காது, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

வாரம் ஒரு பென்சிலின் ஊசி, மூன்று வாரம். போட்டுக்கொண்டால் இந்தப் பிள்ளை பிழைக்கும் என்கிறார்கள். முதல் ஊசி ஆயிற்று. நீங்களும் போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்கு மறுபடி ஒட்டிவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டோடு வாருங்கள். சீட்டில்லாமல் வந்தால் சோறு உண்டு, பாய் கிடையாது.

உங்கள்
செவ்வந்தி


பெங்களூர்,
1.3.1994

அன்புள்ள செவ்வந்திக்கு,

உன் கடிதத்தைக் கட்டடச் சாரத்தில் உட்கார்ந்து படித்தேன். பூச்சுக் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தி, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியில் ஆந்திரா போயிருந்தேன் அல்லவா, அப்போது ஒருத்தியிடம் போனேன். பிறகு ஒரு புண் வந்தது. வலியே இல்லை. கூட இருந்த பொன்னுரங்கம், "ஒடம்பு சூடுப்பா, வெந்தயத்த ஊறவச்சித் துண்ணு" என்றார். தின்றேன், ஒரே மாதத்தில் ஆறிவிட்டது. அந்த வைத்தியத்தை நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன், முட்டாள்.

புண் தானாகவே ஆறும், நோய் ரத்தத்தில் தங்கிவிடும் என்கிறார் இங்குள்ள டாக்டர். ஆணுறை போட்டிருந்தால் பெரும்பாலும் வந்தே இருக்காதாம். அப்போதே காட்டியிருந்தால் ஓர் ஊசியோடு போயிருக்குமாம். இப்போது மூன்றில் இரண்டு ஊசி ஆயிற்று. என்னைத் தலைமுழுகாமல் ஊசி போடச் சொன்னாயே, இந்த நன்றியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

கொளஞ்சியப்பன்


வடக்கனந்தல்,
12.3.1994

அன்புள்ள மாமாவுக்கு,

மறைக்காமல் எழுதினீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். பாதிக் கோபம் போயிற்று. எனக்கு மூன்று ஊசியும் முடிந்தது.

மீதிக் கோபத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் என் ராசியால் போனது என்று அத்தை என்னை எந்த வளைகாப்புக்கும் அழைத்துப் போவதில்லை. நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? அத்தைக்கு நீங்களே எழுதுங்கள். நான் சொல்லமாட்டேன்.

செவ்வந்தி


வடக்கனந்தல்,
2.8.1994

அன்புள்ள மாமாவுக்கு,

பெண் பிறந்து இன்றோடு ஒன்பது நாள். குழந்தைக்கும் ரத்தம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அம்சவள்ளி அக்கா இருக்கிற திசைக்குக் கும்பிடு போடுகிறேன்.

பிள்ளை தங்காத வீட்டு வழக்கப்படி, இவளைக் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளை எடுக்கச் சொல்லி, அவளிடம் தவிடு கொடுத்து வாங்க அத்தை ஏற்பாடு செய்திருந்தார். முறமும் தவிடும் தயாராக இருந்தபோது தபால்காரர் வந்தார். ஐந்து மாதம் கழித்தாவது எழுதினீர்களே. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, இந்த வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதை மறந்துவிட்டீர்களா? "என்னால்தான் இரண்டும் போனது, செவ்வந்தி மேல் தப்பில்லை" என்று நானே உரக்கப் படித்தேன்.

அத்தை தவிட்டை மாட்டுக்குக் கொட்டிவிட்டு வந்தார். "ஊசி குத்திக்கினு பெத்த புள்ள. குப்பைல போட வாணாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்பவே போட்டிருந்தா அந்த ரெண்டும் பொழச்சிருக்குமா?" என்று கேட்டார்.

பிழைத்திருக்கும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பிள்ளைகளுக்காக இந்த வீட்டில் நான் மட்டும்தான் அழுதிருக்கிறேன், இன்று வரை. எழுதியதற்கு நன்றி மாமா. பெயர் வைக்க வாருங்கள்.

உங்கள்
செவ்வந்தி