மஞ்சள் அட்டையும் ஒன்பது பாக்கெட்டும்

சேரப்பணஞ்சேரி
மார்கழி 15, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடி ரூமில் குடியிருக்கிற கம்பெனிப் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம், அங்கே ஸ்வீடனில் நீயும் உன் ரூம் ஹீட்டரும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று குன்றத்தூர் முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு ஏன் இந்தக் கடுதாசி ஆசை என்று நினைப்பாய். போனில் நான் எதையாவது ஆரம்பித்து மூச்சு விடுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறதே, கடிதத்துக்கு ஏது மீட்டிங். உன் ஆபீஸ் எழிலரசன் லீவுக்கு ஸ்ரீபெரும்புதூர் வந்தவன் வெள்ளிக்கிழமை திரும்புகிறான், அவன் கையில் பார்சல் கொடுத்து அனுப்புகிறேன். தங்கமான பையன், ஆனால் எதையும் தெரிந்துகொள்ளாமல் அவனுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது, அதனால் இந்தக் கடிதத்தைப் பருப்புப்பொடிக்கும் இட்லிப்பொடிக்கும் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி இரண்டு பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், கால் விரல் மூடுகிற சாக்ஸ் எல்லாம் இருக்கிறது. நாப்கின் மட்டும் வேண்டாம், போகும்போது நான் பெட்டியில் வைத்ததிலேயே ஒன்பது பாக்கெட் அப்படியே இருக்கிறது என்றாய். சரி என்று வைக்கவில்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என் விஷயம். கோபப்படுவாய், படு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டு மொத்தமாகக் கோபப்படு. ஒரு மாதமாக என் போனில் கேமரா உடைந்துவிட்டது என்று சொன்னேனே, அது பொய். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, உடைந்திருந்தது நான்தான். சரியாக ஐந்து வாரத்துக்கு முன்னால், கார்த்திகையில், எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன் நடந்தது. பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதில் இருந்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பிச் சாதாரணக் கட்டிதான் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள், தையல் ஆறிவிட்டது, நேற்று தெருமுனை வரை நடந்து போய்க் கொத்தமல்லி வாங்கி வந்தேன். உன்னிடம் சொல்லியிருந்தால் புது வேலையை அப்படியே போட்டுவிட்டு விமானம் ஏறியிருப்பாய். அதனால் சொல்ல வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன். அந்த மனிதர் சத்தியத்தைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டார் தெரியுமா, நீ போன் செய்தாலே கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டு வாசலில் போய் நின்றுகொள்வார்.

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை கண்ணு. இரண்டு வருடமாகவே மாதத்தில் பத்து நாள் எனக்கு ரத்தப்போக்கு அதிகம். கம்பெனியில் நாங்கள் வயர் கட்டுகிற லைனில் ரிலீவர் வழக்கம் உனக்குத் தெரியும், யாராவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிய ரிலீவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் சீட்டை விட்டு எழுந்திருக்கலாம், அவள் நம் இடத்தில் உட்கார்ந்து வயர் கட்டுவாள். எங்கள் லைனுக்கு ரிலீவர் மாடி ரூம் தங்கமாரிதான். ஒரு ஷிஃப்டுக்கு எட்டு முறை அவளைக் கூப்பிடும்படி ஆனது எனக்கு. நான் லைன் லீடர், நானே கையைத் தூக்கிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் என்ன நினைக்கும் என்று வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். தண்ணீரைக் குறைத்தால் ரத்தம் குறையுமா, என் புத்தியைப் பார். நாலு வருடம் ஒரு நாள் கூட லீவு போடாதவள் என்று கம்பெனியில் கடிகாரம் கொடுத்தார்களே, அதை வேறு காப்பாற்ற வேண்டும் எனக்கு. ஐப்பசியில் ஒரு நாள் கையைத் தூக்கினேன், தங்கமாரி வந்து தோளைத் தொட்டாள், எழுந்தேன், அப்படியே அவள் மேலேயே சாய்ந்துவிட்டேன். டெஸ்ட் செய்து பார்த்தால் பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தத்தின் அளவு ஆறு பாயிண்ட்டில் நிற்கிறது. உன் அப்பா ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல், கம்பெனிக்காரன் கடியாரம் குடுத்தான், ரத்தம் எவன் குடுப்பான், வூட்ல ஒருத்தர் கைலயாவது சொன்னியா நீ என்று கத்திவிட்டு, அப்புறம் அவரே ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது, அதுவரை வரவில்லை.

அமலா டாக்டர் என்று ஒரு அம்மா, சின்ன வயதுதான், பொறுமையாக எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினார். முதலில் ரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்றினார், பிறகு ஆபரேஷன். சினைப்பையிலும் நீர்க்கட்டி பெரிதாக இருந்ததால் சினைப்பை இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மற்ற பெண்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் குறைகிற ஹார்மோன் எனக்கு ஒரே நாளில் நின்றுவிட்டதாம். அதன் கூத்தை நீ பார்க்க வேண்டுமே. ஊரே மார்கழிப் பனியில் நடுங்குகிறது, உன் அப்பா குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், இரண்டு போர்வை என்று மூட்டையாகக் கிடக்கிறார், நான் ஃபேனை ஐந்தில் வைத்து அதன் கீழே ஈரத் துண்டோடு உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று நெஞ்சிலிருந்து காது வரை அடுப்பு பற்றியது போல் ஏறும், ரவிக்கை நனையும், ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும், அப்புறம் குளிரும். உங்க அம்மாவ ஸ்வீடனுக்கு அனுப்பிட்டு வாணிய இங்க கூப்ட்டுக்கலாம், ரெண்டு பேருக்கும் சௌரியம் என்கிறார் அப்பா. சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, சாம்பாரில் உப்பு குறைந்ததற்கு அழுதேன் என்றால் நம்புவாயா. ஹார்மோன் செய்கிற வேலை, நீங்க செய்யறது இல்ல என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகு பாதி நிம்மதி. கால்சியம் மாத்திரை, தினம் கொஞ்சம் நடை, ஹார்மோன் மாத்திரை வேண்டுமா என்று அடுத்த செக்கப்பில் முடிவு செய்யலாம் என்றிருக்கிறார். பெல்ட் கட்டிக்கொள்கிறேன், இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு இருமுகிறேன், பப்பாளி தின்று தின்று பப்பாளியைக் கண்டாலே ஓடத் தோன்றுகிறது.

காந்திமதி அத்தை குன்றத்தூரிலிருந்து பார்க்க வந்தாள், வாழைப்பழம் ஒரு சீப்பும் வாய் நிறையப் பேச்சுமாக. கர்ப்பப்பைய எடுத்துட்டா பொம்பள பாதி ஆளுதான் அண்ணி, இனிமே இன்னா கீது என்றாள். நான் விடவில்லை, வாணியை டெலிவரி பண்ணின அன்றைக்கே அதோட வேலை முடிஞ்சுபோச்சு காந்திமதி, இருபத்தாறு வருஷம் சும்மா உட்கார்ந்து தகராறு பண்ணிக்கினு இருந்துச்சு, இப்போ ரிட்டயர்மென்ட் குடுத்து அனுப்பிட்டோம் என்றேன். அவளே சிரித்துவிட்டாள். ஆனால் அவள் போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ முதன்முதலில் குடியிருந்த இடம் அல்லவா அது. அது ஹார்மோன் அழுகை இல்லை, என் அழுகைதான்.

ஆறு வாரத்துக்குக் குனியக் கூடாது, குந்தக் கூடாது, தண்ணீர் கேன் தூக்கக் கூடாது, குக்கரைக் கூடத் தூக்கக் கூடாது. உங்களுக்கு நான் குடுக்கிற பெரிய மருந்தே சும்மா இருக்கறதுதான், அதை மட்டும் ஒழுங்கா சாப்பிடுங்க என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எனக்கு அந்த மருந்துதான் இறங்கவே இல்லை. மார்கழி முதல் நாள், வாசலில் கோலம் இல்லாமல் எப்படி, சின்னதாக ஒரு ஐந்து புள்ளி போட்டுவிடுவோம் என்று அப்பா பஸ் எடுக்கப் போன பிறகு மெல்ல வெளியே வந்து குந்தினேன். ஐந்து புள்ளி பதினைந்து ஆகிவிட்டது, உனக்குத்தான் என் கை தெரியுமே. முடித்துவிட்டு எழலாம் என்றால் எழ முடியவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, முன்னாலும் போக முடியாது, பின்னாலும் சாய முடியாது, கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே பொம்மை மாதிரி குந்திக்கொண்டிருக்கிறேன், பனியில் தெருவில் ஒரு ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து ஜெனரல் ஷிஃப்ட் பஸ் தெருமுனையில் திரும்புகிறது, ஓட்டுகிறவர் யார், உன் அப்பா நடேசன்தான். அடித்தார் பார் ஹாரனை, நாற்பது பிள்ளைகளும் ஜன்னலில் தலையை நீட்டிவிட்டன. வண்டியை நிறுத்தி, இன்னாடி பண்றே அங்க, டாக்டரு இன்னா சொன்னாங்கோ என்று ஸ்டியரிங்கில் இருந்தபடியே கத்துகிறார். பஸ் ஏற நின்ற தங்கமாரியும் அவள் ரூம் கனிஷ்காவும் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கி நிறுத்தினார்கள். தங்கமாரி விடவில்லை, எக்கா, ரிலீவர் வந்து தொடாம சீட்ட விட்டு எந்திரிக்கப்பிடாதுன்னு லைன்ல நீங்கதான சொல்லுவிய, இப்ப நீங்களே இப்பிடி செஞ்சிட்டியளே என்று கேட்டாள். அன்றைக்குப் பஸ் நாலு நிமிடம் லேட், காரணம் சொல்லும் இடத்தில் உன் அப்பா கோலம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

சாயங்காலம் அந்த இரண்டு பிள்ளைகளும் அட்டைப்பெட்டியை வெட்டி, மஞ்சள் காகிதம் ஒட்டி, ரிலீவர் என்று பெரிதாக எழுதி, சிவப்பு நாடா கோத்து வீட்டுக்கு ஒரு அட்டை செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதுதான் சட்டம். அட்டை யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்தான் அன்றைய அம்மா, எனக்கு என்ன வேண்டுமென்றாலும் கையைத் தூக்க வேண்டும். அப்பா அட்டையை மாட்டிக்கொண்டு ரசம் வைத்தார், குடித்துப் பார்த்துவிட்டு அட்டையைக் கழற்றி வைத்துவிட்டார். பிள்ளைகள் தினம் காலையில் கோலம் போடுகிறார்கள், கனிஷ்கா தென்காசிக் கோலம் போடுகிறாள், எனக்கு அதில் புள்ளி எங்கே ஆரம்பிக்கிறது என்றே புரியவில்லை. நான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டு பார்க்கிறேன். பதினோரு வருடமாக இந்தத் தெருவை நான் காலை ஏழு மணிக்குப் பார்த்ததே இல்லை வாணி, பனிக்குள் பஸ் விளக்குகள் ஒவ்வொன்றாக வருவது அவ்வளவு அழகாக இருக்கிறது. அந்தப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். கையைத் தூக்கினால் யாராவது வருவார்கள் என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

இப்போது ஒன்பது பாக்கெட்டுக்கு வருகிறேன். சித்திரையில் நீ கிளம்பும்போது அங்கே விற்பது உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பன்னிரண்டு பாக்கெட் நான்தான் அடுக்கினேன், மாதம் இரண்டு, ஆறு மாதத்துக்கு. புரட்டாசியில் தீர்ந்திருக்க வேண்டும். இது மார்கழி, இன்னும் ஒன்பது இருக்கிறது என்கிறாய். கண்ணு, உன் அம்மா பதினோரு வருடம் லைனில் இருந்தவள். ட்ரேயில் கிளிப் குறையவில்லை என்றால் பொருள் நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை, லைன் நின்றுவிட்டது என்று அர்த்தம். நீ போனை வைத்த பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது, தாடையில் முடி வருகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய், ஜீன்ஸ் இடுப்பில் ஏறவில்லை, தலைமுடி கொட்டுகிறது, இங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது அம்மா, ஞாயிறு முழுக்கத் தூங்குகிறேன் என்றாய். குளிர் என்று நீயும் சொன்னாய், குளிர் என்று நானும் நம்பினேன். என் களைப்புக்கு அலைச்சல் என்று நான் சொன்னதை நீ நம்பினாய் இல்லையா, அதே மாதிரி. அமலா டாக்டரிடம் கேட்டேன். இங்க இருந்துக்கினு நான் எதுவும் சொல்ல முடியாது, தைராய்டா இருக்கலாம், பி.சி.ஓ.டி.யா இருக்கலாம், மூணு மாசத்துக்கு மேல வரலன்னா ரத்த டெஸ்ட்டும் ஸ்கேனும் பார்த்தே ஆகணும், பயப்பட வேணாம், தள்ளிப்போட வேணாம் என்றார். ஒருவேளை வேறு விசேஷம் என்றாலும் சொல், முதலில் திட்டுவேன், அப்புறம் கூடவே இருப்பேன். எதுவாக இருந்தாலும் மறைக்காதே. நான் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு ஆறு பாயிண்ட் வரைக்கும் போனேன், அந்தப் புத்தி உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கும்.

நல்லா இரும்மா. உடம்பும் மனசும் தெம்பாக, நினைத்த இடமெல்லாம் போய், நினைத்ததெல்லாம் சாப்பிட்டு, நூறு வருஷம் இரு. சாக்ஸ் போடாமல் தரையில் நடக்காதே. பிள்ளைகள் உனக்கும் ஒரு மஞ்சள் அட்டை செய்திருக்கிறார்கள், சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். அதை யாராவது ஒரு சிநேகிதி கழுத்தில் மாட்டி உன் வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ டாக்டரிடம் போ. அங்கே உட்கார்ந்து எனக்கு வீடியோ கால் போடு, என் கேமரா சரியாகிவிட்டது, மீட்டிங் என்று சொல்லாமல் நானும் முழுக்க இருக்கிறேன். கடைசியாக ஒன்று. இந்தப் பார்சலில் நாப்கின் வைக்கவில்லை, இனி நானாகவும் அனுப்ப மாட்டேன். என்றைக்காவது ஒரு நாள் நீயே போன் செய்து, தீர்ந்துபோச்சும்மா, இன்னும் ரெண்டு பாக்கெட் அனுப்பு என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கையைத் தூக்கக் கற்றுக்கொண்ட
உன் அம்மா,
செந்தாமரை