கொச்சிக்காய்ப் பலகை

மருதமுனை
30.09.1982

அன்பு மகன் ஜெமீலுக்கு,

உன் மனைவி ஸகியாவின் இடமாற்றம் நின்றுவிட்டது. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் ஸலாம் சொல்கிறேன், இல்லாவிட்டால் நீ படபடத்துக்கொண்டே வாசிப்பாய். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், கத்தார் வெயிலில் உன் உடம்பையும் அவனே காக்க வேண்டும்.

இந்த மாதத் தொடக்கத்தில் கல்விக் கந்தோர் அதிகாரி பள்ளிக்கூடம் வந்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். ஷரிபுதீன் மாஸ்டரின் வகுப்பு கடகடவென்று வாசித்தது, உன் மகள் ஹாஜறாவும் அந்த வகுப்புத்தானே, ஒரு பிழை இல்லை. மற்றப் பிரிவில் ஸகியா படிப்பிக்கும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டித் திணறின. அவளிடம் இருப்பதெல்லாம் வயற்கூலிக்காரரின் பிள்ளைகள், அறுப்புக்குத் தாய் தகப்பனோடு வயல் வாடிக் குடிசையில் போய்க் கிடந்துவிட்டு அந்தக் கிழமைதான் திரும்பியிருந்தன. மாஸ்டர் கெட்டிக்காரர், ஸகியா போதாது என்று எழுதிக்கொண்டு போன அதிகாரி, ஜனவரியில் அவளைத் தூரத்துச் சாகாமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதாகக் கடிதமும் அனுப்பிவிட்டார். பால்குடிப் பிள்ளையோடு எப்படிப் போய்வருவாள் என்று உன் உம்மா சோறு தண்ணியில்லாமல் கிடந்தா. உனக்கு அப்போது எழுதவில்லை, எழுதி என்ன, வேலையை விட்டுவிட்டா வருவாய்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை நம் கடையில் கொச்சிக்காய் முடிந்துபோனது, காய்ந்த மிளகாய் ஒன்றுகூட மிச்சமில்லை. ‘கொச்சிக்காய் இல்லை, வெள்ளிக்கிழமை வரும்’ என்று பலகையில் எழுதி வாசலில் மாட்டினேன். பக்கத்தில் நின்ற ஹாஜறாவிடம் வாசி மகள் என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, பலகையைப் பார்த்தபடியே, புத்தகத்திலுள்ள மயில் பாடத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஓதுகிற பள்ளியில் குர்ஆன் சூறாவைப் பாடமாக்குவது மாதிரி முழுப் புத்தகத்தையும் மனப்பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் ஸைனம்பு, நற்பிட்டிமுனை வயலுக்குக் கூலிக்குப் போகிறவள், மகளோடு வந்தாள். ஸகியாவிடம் படிக்கிற பிள்ளை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, வாங்க உம்மா போவம், கொச்சிக்கா இல்லையாம், வெள்ளிக்கிழமதான் வருமாம் என்று தாயின் கையைப் பிடித்து இழுத்தது. வியாபாரம் கைவிட்டுப் போய் நான் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை பலகையைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். என்ன முதலாளி, இஞ்ச கடை போடவா வந்தீங்க என்று அதிகாரி சிரித்தார். கடை வாசலில் நடந்ததைச் சொன்னேன். நெல் வாங்கும்போது அதன் ஈரம் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை, பிள்ளைகள் வகுப்புக்கு வந்த அன்று என்ன தெரிந்துகொண்டு வந்தன என்று நீங்கள் பார்த்தீர்களா என்றேன். மனிசன் கோபிக்கவில்லை. புதன்கிழமை பள்ளிக்கூடம் வந்து, பலகையிலிருந்த என் எழுத்தை அழித்துவிட்டுத் தன் கையால் வேறு வசனம் எழுதி இரண்டு வகுப்பையும் கேட்டார். ஸகியாவின் பிள்ளைகளில் பாதிப்பேர் கூட்டி வாசித்தார்கள், மற்ற வகுப்பில் மூன்று பேர்தான். ஹாஜறா அழுதுவிட்டாள். சொந்தப் பேத்திய ஊருக்கு முன்னால வெக்கப்படுத்திப்போட்டீங்களே என்று உன் உம்மா இன்னும் எனக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஷரிபுதீன் மாஸ்டரும் பொல்லாதவரில்லை, தமையனிடம் சொல்வதுபோல, புத்தகத்தத்தானே காக்கா கேக்கிறாங்க, அதத்தானே நானும் படிப்பிச்சன் என்றார்.

இப்போது ஹாஜறா மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு தாயிடம் எழுத்துப் படிக்கிறாள். நீ அவளுக்கென்று தனியாக நாலு வரி எழுது, பெரிய எழுத்தில், அவள் நினைத்திராத விஷயமாக எழுது, மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் உழைப்பில் பறக்கத் செய்யட்டும்.

அதிகாரியோடு என்ன பேசி முடித்தீர்கள் என்று கேட்பாய். ஸகியா அதே வகுப்போடு அங்கேயே இருப்பாள். ஜனவரியிலும் நவம்பரிலும் வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் வந்து, பிள்ளைகள் பார்த்திராத வசனத்தைக் கேட்பார், இடையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத்தான் எழுதுவார், இரண்டு வகுப்புக்கும் ஒரே மாதிரி. அந்த நவம்பர் முடியும்வரைக்கும் நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கக்கூடாது. பலகையையும், புது வசனம் எழுதிக் கேட்க வேண்டுமென்று, பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
அபூசாலி