சித்தப்பா அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடாதே

விருதுநகர்,
விசுவாவசு வருடம், தை 14

சிரஞ்சீவி சங்கரலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை வீரலட்சுமியும் கடவுள் புண்ணியத்தில் இங்கே சுகமாக இருக்கிறோம், நீ பிலாயில் சுகமாக இருக்கிறாய் என்று உன் கைப்பட நாலு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அங்கே பல் கிட்டுகிற குளிர் என்று எழுதியிருந்தாய், உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்துவிட்டு வேர்வையோடு வெளிக்காற்றில் வந்து நிற்காதே. வீரலட்சுமி பின்னிய கம்பளிச் சட்டை தனியாகப் பார்சலில் வருகிறது, கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, மடித்துவிட்டுக்கொள், அவளிடம் குறை சொல்லி எழுதிவிடாதே, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். பொங்கலுக்கு நீ இல்லாதது ஒரு குறைதான், மற்றபடி உன் அப்பா போன பிறகு என் வயிறு குளிர்ந்த தை மாதம் இதுதான். ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் முழுக்கப் படி.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இதோடு பாங்கில் கொடுத்த தாள் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் கையெழுத்துப் போட்டு மறு தபாலிலேயே அனுப்பு. இதற்கு முன்னாலோ பின்னாலோ உன் சித்தப்பாவும் ஒரு தாள் அனுப்புவார், அதில் போடாதே. விஷயம் இதுதான். வீரலட்சுமி கல்யாணத்துக்கு என்று எடுத்துவைத்தது போக என் நகை எல்லாவற்றையும் சர்க்காரின் தங்கப் பத்திரத்துக்குக் கொடுத்துவிட்டேன். பத்திரம் என் பெயரிலும் உன் பெயரிலும் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், அதனால் உன் சம்மதக் கையெழுத்து வந்த பிறகுதான் நகையைப் பம்பாய்க்கு உருக்க அனுப்புவார்களாம். நீ ஆட்சேபம் என்று எழுதினால் நகை அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும், வந்தால் யார் கைக்குப் போகும் என்று உனக்கே தெரியும். சித்தப்பா அனுப்புவது அந்த ஆட்சேபத் தாள்தான்.

பொம்பளை ஏதோ ஆத்திரத்தில் தங்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று நினைக்காதே. ஆத்திரம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் யோசித்துத்தான் செய்தேன். போன தையில் இந்தி எதிர்ப்பில் ரயில் ஓடவில்லை, துப்பாக்கிச் சூடு வேறு, அப்புறம் மழை இல்லை, அரிசிக்கு அலைச்சல், அப்புறம் பாகிஸ்தான் சண்டை, சண்டை ஓய்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் வெளிநாட்டுக்குப் போன இடத்தில் பிரதமர் இறந்துபோனார், அடுத்த வருடம் தேர்தல், யார் வருவார் யார் போவார் என்று டீக்கடையில் அடித்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட காலத்தில் பெட்டியில் வைத்திருந்தால் சொந்தக்காரன் கண்ணு, வெளியில் கொடுத்தால் போனது போனதுதான். மலையாளத்துப் பாங்கு ஒன்று படுத்து ஆமத்தூர் பெரியம்மா போட்டிருந்த பணம் போன கதை உனக்குத் தெரியும். அதனால் பாங்குக்குப் போய் அங்கே இருந்த பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்டேன். ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்றேன், கட்சி மாறும், கடன் மாறாது, பத்திரத்தில் இருக்கிற சர்க்கார் சிங்கமுக முத்திரை எந்தக் கட்சிக்கும் பொதுதான் அம்மா என்றார். ரூபாய்க்கு மதிப்பு இறங்கினால் என்றேன், பதினைந்து வருடம் கழித்து உங்களுக்கு ரூபாய் வராது, கொடுத்த எடைக்குத் தங்கமே வரும், நடுவில் வருடா வருடம் சின்னதாக வட்டியும் உண்டு என்றார். வட்டி சொற்பம்தான். எனக்கு வட்டி பெரிசில்லை, முதல் பத்திரமாக இருந்தால் போதும். கையில் இருந்த ரொக்கத்தைத் தங்கத்தோடு சேர்க்காமல் தபாலாபீஸ் சர்ட்டிபிகேட்டில் தனியாகப் போட்டிருக்கிறேன், எல்லாம் ஒரே இடத்தில் கிடக்க வேண்டாம். நீயும் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதை அப்படியே பிரித்துப் போடு, கூட வேலை பார்க்கிறவன் ஜாஸ்தி வட்டி தருகிறேன் என்றால் அவனிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடு.

ஜாஸ்தி வட்டி என்று என்னிடம் வந்தது வேறு யாரும் இல்லை, உன் சித்தப்பா கனகசபாபதிதான். சண்டையில் வடக்கே வெடி வெடிக்க ஆள் இல்லாமல், போன தீபாவளி லோடு எல்லாம் ஏழாயிரம்பண்ணை குடோனில் அடைந்து கிடக்கிறது, பேப்பர் கொடுத்தவனும் வெடிமருந்து கொடுத்தவனும் காலையில் வாசலில் வந்து நிற்கிறார்கள், இந்த வருடச் சீசனுக்கு வேலை ஆரம்பிக்கக் கையில் ஒன்றும் இல்லை. கார்த்திகையிலேயே தேன் ஒழுகப் பேசிக்கொண்டு வந்தார். மதினி நகை சும்மா பெட்டியில்தானே தூங்குகிறது, மதுரையில் அடகு வைத்துக் கம்பெனியில் போட்டால் நூற்றுக்கு ஒன்றரை வட்டி தருகிறேன், வீரலட்சுமி கல்யாணத்தையும் நானே முன்னால் நின்று நடத்துகிறேன் என்றார். தங்கப் பத்திரம் நல்லது என்கிறார்களே என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். சிரித்தார். அதெல்லாம் திரும்பி வராது மதினி, சர்க்காரே இன்னும் ரெண்டு வருடம் தாங்குமோ என்னமோ என்றார். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பினேன்.

யோசிக்க என்ன இருக்கிறது. அந்தக் கம்பெனியை ஆரம்பித்தது உன் அப்பா. காசிராஜன் பிரதர்ஸ் என்று போர்டு எழுதி, லேபிளில் தன் படத்தைப் போட்டு, படம் சரியாக வரவில்லை என்று சிவகாசி அச்சாபீசுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்து, தம்பி தம்பி என்று இந்த மனுசனைக் கூட வைத்துக்கொண்டார். அவர் காய்ச்சலில் போன பிறகு கருமாதி அன்றைக்கு, சொந்தபந்தம் அத்தனை பேரும் இலைக்கு உட்கார்ந்திருக்கும்போது, தலையில் முக்காட்டோடு இருந்த என்னிடம் தாளை நீட்டினார். லைசென்சு மாற்ற வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். உன் அப்பாவின் பங்கு அதோடு போய்விட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்தேன். அந்தத் தீபாவளிக்கு நம் வீட்டுக்கு ஒரு வெடிப்பெட்டி அனுப்பினார், லேபிளில் உன் அப்பா முகம் இருந்த இடத்தில் இவர் முகம். அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு, நல்லாயிருக்கு என்று சொல்லச் சொல்லி அனுப்பியவள் நான். அன்றைக்கு எரிய ஆரம்பித்த வயிறு, சங்கரலிங்கம், இந்தத் தை மாதம்தான் அணைந்தது.

எப்படி அணைந்தது என்று கேள். பொங்கல் முடிந்து பேட்டை மண்டபத்தில் தங்கப் பத்திரத்துக்குக் கூட்டம் போட்டார்கள். பெரிய அதிகாரி வருகிறார், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும் என்று உன் சித்தப்பா விழாக் கமிட்டித் தலைவர் பதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கம்பெனி ஆட்டம் கண்டிருக்கிறது என்று ஊரில் பேச்சு, மேடையில் ஜரிகைத் துண்டோடு உட்கார்ந்தால் கடன் கொடுத்தவன் கொஞ்சம் பொறுப்பான் என்ற கணக்கு. நம் ஆட்களுக்கு எப்போதும் இந்த மேடைப் பைத்தியம் உண்டு. முதல்நாள் என்னிடம் வந்து, பெண்கள் பக்கத்தில் நம் குடும்பம்தான் முதலில் கொடுக்க வேண்டும், நீங்கள் ஒரு மோதிரம் மட்டும் கொடுங்கள், பேருக்கு என்றார். சரி என்றேன். சும்மா கிடந்த என்னை அவரே கூப்பிட்டு மேடையில் ஏற்றினார் பார். மறுநாள் காசுமாலை, அட்டிகை, ஒட்டியாணம், வளையல் எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு மேலே ஒரு துணியை மூடிக்கொண்டு போனேன், பக்கத்து வீட்டுக்காரி முறுக்கா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். மைக்கைப் பிடித்து அவரே என் பெயரைச் சொல்லி, எங்கள் மதினி தேசத்துக்காகத் தன் தங்கத்தைக் கொடுக்கிறார் என்று முழங்கினார். நான் போய்ப் பாங்குக்காரர் தராசுக்கு முன்னால் தூக்குவாளியைத் திறந்தேன். யார் என்ன கொடுக்கிறார்கள் என்று மைக்கில் வாசிக்கிற வேலை தலைவருக்கு. ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, காசுமாலை ஒன்று, அட்டிகை ஒன்று என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒட்டியாணம் வந்தபோது ஜரிகைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். ஜனங்கள் கை தட்டினார்கள், அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, இப்படி ஒரு அண்ணியாரைப் பெற்றதற்கு நீங்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். எங்கள் குடும்பத்துக்கே பெருமை என்று சொன்னார், முகம் செத்துப்போய்ச் சொன்னார். நான் கீழே பெஞ்சில் வந்து உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கமான பொம்பளை என்று நினைத்திருப்பார்கள், சிரிப்பு வெளியே தெரியக் கூடாதே என்றுதான் குனிந்தேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். "மதினி, என்னைய முடிச்சிட்டீக" என்றார். "நான் என்ன செஞ்சேன் கொழுந்தனாரே, நீங்க மைக்குல சொன்னதைத்தான செஞ்சேன்" என்றேன். அவர், பாங்கில் விசாரித்தேன், சங்கரலிங்கம் கையெழுத்து இன்னும் வரவில்லையாம், அவனைப் படிக்க வைத்தவன் நான், அவனுக்கு நன்றி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதுதான் எனக்குப் பயம். நீ இளகிய மனசுக்காரன். காலேஜுக்கு மணியார்டர் அனுப்பியவர் சித்தப்பாதானே என்று நினைப்பாய். அனுப்பினார், வாஸ்தவம். உன் அப்பா பங்கை விழுங்கிவிட்டு அதில் ஒரு கைப்பிடியைத் தர்மம் மாதிரி அனுப்பினார். அந்த நன்றிக்கு என் காசுமாலை விலை இல்லை. ஏழாயிரம்பண்ணையில் வேலைக்கு வருகிற பொம்பளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்பாய், அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ள அக்கம்பக்கத்துக் கம்பெனி வேன்கள் இப்போதே ஊருக்குள் வந்துபோகின்றன, அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று சொல்கிறேன், இது உன் மனசோடு இருக்கட்டும். போன வெள்ளிக்கிழமை உன் சித்தி சொர்ணலட்சுமி பின்வாசல் வழியாக வந்தாள். மடியிலிருந்து ஒரு மூட்டையை அவிழ்த்தாள், அவள் பிறந்த வீட்டு நகை. "அக்கா, இதையும் உங்க நகை போன எடத்துலயே போட்டுருங்க. அவுக கேக்கதுக்கு முன்னால போட்டுருங்க" என்றாள். அவளும் எனக்கு ஒன்றும் நல்லது செய்தவள் இல்லை, கருமாதி அன்றைக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை என் கையில் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். போடீ என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் கையைப் பார்த்தேன், தங்க வளையல் கிடந்த இடத்தில் ரப்பர் வளையல் போட்டிருந்தாள். உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, மறுநாள் நானே பாங்குக்குக் கூட்டிப்போய் அவள் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டு வந்தேன். கம்பெனி விழுந்தாலும் அவளும் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். விழ வேண்டியவர் ஒருத்தர்தான், அவர் தனியாக விழட்டும்.

இனி அவருக்குக் கேட்க இடம் இல்லை. அவர் தாளில் நீ கையெழுத்து மறுத்துவிட்டால் நேரே என்னிடம்தான் வர வேண்டும், பத்திரம் வந்ததும் அதையாவது அடகு வைத்துத் தாருங்கள் என்று கேட்பார். வரட்டும். நாற்காலி எடுத்துப் போட்டு, காப்பி கொடுத்து, அவர் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்ல விட்டு, அதற்கப்புறம் முடியாது என்று சொல்வேன். அந்த ஒரு சொல்லை நீ என் வாயிலிருந்து பிடுங்கிவிடாதே. உனக்குக் கடிதம் போட்டால், அம்மாவைக் கேளுங்கள் சித்தப்பா என்று ஒரு கார்டு எழுதிப் போடு, அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன். நேற்று இருக்கன்குடிக்குப் போய் வந்தேன், மாரியாத்தாளிடம் உன் பெயருக்கும் வீரலட்சுமி பெயருக்கும் விளக்குப் போட்டுவிட்டு, கொழுந்தனார் பெயருக்கும் ஒன்று போட்டேன். அவர் நூறு வயசு நோய்நொடி இல்லாமல், கண் பார்வை குறையாமல் இருக்க வேண்டும் என்று மனசாரக் கேட்டுக்கொண்டேன். இருந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் அல்லவா. பாங்குத் தாளை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு, மறந்துவிடாதே. என் ஆயுளில் பாதியும் உனக்கே சேர்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
கா. முத்துமாரியம்மாள்