வண்டிப் பெட்டியில் உன் சென்ட் வாசம்

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன் அக்கா. யார் கேட்டீர்கள்? காது குத்தும்போது உன் மகள் பாப்பா என் மடியில் உட்கார்ந்து, ஊசி இறங்கியும் அழாமல் என் கட்டைவிரலைக் கடித்துப் பிடித்துக்கொண்டாளே, அப்போதே சொன்னேன்: "இது அழுகாத புள்ள. எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சுக்கும். ஒரு நாளைக்கு மொத்தமா வரும் பாரு." நீ சாம்பார் வாளியோடு போகிற போக்கில், "ஆமா, பெரிய டாக்டரு. மொதல்ல எலையப் போடுறா" என்றாய்.

இன்று காலையில் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினால், ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவிலிருந்து உன் வாசம். குவைத்திலிருந்து மச்சான் கொண்டுவந்து, நீ கல்யாண வீட்டுக்கு மட்டும் தொட்டுக்கொள்ளும் அந்த நீலச் சென்ட் பாட்டில். பாப்பா அதைத் தன் பையில் வைத்திருந்தாள். கண்ணாடிச் சாமான் உள்ளே ஆகாது என்று, அவளைச் சேர்த்திருக்கிற இல்லத்தில் திருப்பித் தந்துவிட்டார்கள். மூடி சரியில்லை, கசிந்திருக்கிறது. வளையல், கொண்டை ஊசி, துப்பட்டா எல்லாமும்தான் தந்தார்கள். அவையெல்லாம் சும்மா கிடக்கின்றன. இதுதான் உயிரை வாங்குகிறது.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது அக்கா. கோட்டைப்பட்டினத்தில் எந்தப் படகு வந்தாலும், கரையில் நின்று சத்தத்தைக் கேட்டே இன்ன போல்ட் லூஸ் என்று சொல்கிறவன் நான். நாகப்பட்டினத்திலிருந்தெல்லாம் என்னைத் தேடி ஆள் வருகிறது. இரண்டு பேர்தான் வந்தார்கள், வந்தது வந்ததுதானே. அப்பேர்ப்பட்டவனுக்கு நம் வீட்டுப் பிள்ளை ஒன்று ஏன் ஓடாமல் நின்றுவிட்டது என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இந்தத் தொழிலே நீ கொடுத்ததுதான். ஏழாவது படிக்கையில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, படகில் எஞ்சின் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டேன். அப்பா பெல்ட்டை உருவியதும், "அக்காதான் மீன் வாங்கியாரச் சொன்னுச்சு" என்று கூசாமல் புளுகினேன். நீ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆமாப்பா, நாந்தான் சொன்னேன்" என்றாய். அப்பா அந்தப் பக்கம் போனதும் என் காதைத் திருகினாய் பார், இன்னும் வலிக்கிறது.

நீ போய் இரண்டு வருஷம். பாப்பாவுக்குப் பதினாறு. பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள், கதவைச் சாத்திக்கொண்டாள், டிவியை உடைத்தாள். ஆவணியில் ஒரு நாள் காலை, மணமேல்குடியில் பஸ் ஏறி வந்து, என் பட்டறைக்கு எதிரே கடலில் இறங்கிவிட்டாள். பாய்ந்து நீந்திப் போய் இழுத்து வந்ததாகத்தான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நம் கடல் உனக்குத் தெரியாதா? எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பளவு. நடந்தே போய்க் கையைப் பிடித்தேன். "விடுங்க மாமா, சும்மா நடக்கிறேன்" என்றாள்.

திருச்சிப் பக்கம் ஓர் இல்லத்தில் மூன்று மாதம் தங்கவைத்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார் புதுக்கோட்டை டாக்டரம்மா. உடனே கிளம்பியது பார் நம் சனம். உன் நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டது.

"பொம்பளப் புள்ளைய அங்கிட்டுக் கொண்டுபோயி விட்டா, நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"கேக்குறதுக்குப் பொண்ணு இருக்கணும்ல மதினி?" என்றேன். அதோடு அது என்னோடு பேசவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

மச்சான் குவைத்திலிருந்து போனில் அழுதார். "காது குத்துனது ஒம் மடியில. சடங்குக்கு ஓலக் குச்சு கட்டுனது நீயி. தாய்மாமன் நீ சொல்றதுதான் மாப்ள." நல்ல காரியத்துக்கெல்லாம் தாம்பாளம் தூக்கிப் போனேன், சரி. இதற்கு எந்தத் தாம்பாளத்தைத் தூக்குவது? சீர் கொண்டுபோகிறவனைப் பிள்ளையைக் கொண்டுபோய் விடச் சொன்னால் என்ன செய்வான்?

அவளாகச் சம்மதித்து வரவேண்டும், இழுத்துக்கொண்டு வராதீர்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாலு நாள் கெஞ்சினேன். அங்கே ஏசி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, நீச்சல் குளம்கூட இருக்கிறது என்று அளந்துவிட்டேன்.

"கடல்லயே விடல, கொளத்துல விடுவீங்களாக்கும்" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டாள்: "அம்மா இருந்தா என்னைய அங்க விடுமா மாமா?"

அப்போதுதான் அதைச் சொன்னேன். "விடச் சொன்னதே ஒங்கம்மாதான் பாப்பா. 'தம்பி, புள்ளைக்கு ஒண்ணுன்னா வீட்டுல பூட்டி வைக்காத, நல்ல எடமாப் பாத்து வச்சுப் பாரு'ன்னுச்சு."

"எப்ப?"

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில, கடைசி நாளு. எங்கையப் பிடிச்சுக்கிட்டு."

பிறகு உள்ளே போய், பையோடு வந்தாள். உன் சென்ட் பாட்டில் அந்தப் பையில்தான் இருந்தது.

முதல் பதினைந்து நாள் போனில்கூடப் பேசக்கூடாது என்பது இல்லத்தின் சட்டம். நேற்றுத்தான் பேசினாள். தூக்கம் வருகிறதாம். இரண்டு இட்லி சாப்பிடுகிறாளாம். "நீச்சல் கொளத்தத் தேடிக்கிட்டு இருக்கேன் மாமா" என்றாள். வைக்கப் போகும்போது குரல் மாறியது. "அம்மா அன்னைக்கு வேற என்ன சொல்லுச்சு? ஞாயித்துக்கெழம வரும்போது சொல்லுங்க. அத நெனச்சுக்கிட்டுத்தான் இங்க இருக்கேன்."

உனக்குத்தான் தெரியுமே அக்கா. அன்றைக்கு உன் வாயில் குழாய் இருந்தது. நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கையையும் பிடிக்கவில்லை. நான் கீழே டீக்கடையில் எவனோ ஒருவனிடம் எஞ்சின் பெருமை அடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஏறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பஞ்சுக்குத் தடையில்லை என்று இல்லத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். பாட்டிலில் மிச்சமிருப்பதைப் பஞ்சில் நனைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன். அவளிடம் உள்ளதைச் சொல்வேனா, மேற்கொண்டு அளப்பேனா, எனக்கே தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்று சொல்லிவிடு. காதை அப்புறம் திருகிக்கொள்.