கந்தோர் வாசலில் நாம் இருந்த நாட்கள்

அக்கா,

இன்று காலை பதிவுத் தபால் பையைக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி வைத்தேன். புதிய தபால் அதிபருக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்வதில்லை. ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னார். கருகிய அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். சூடான அரக்கு விரலில் பட்டால் நான் கையை உதறுவேன். நீங்கள் "சேசுவே" என்று மெல்லச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வீர்கள். இன்று என் விரலில் ஒரு சொட்டு விழுந்தது. கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் கதிரையில் அவர் இருந்தார். நல்ல மனிதர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கதைக்க மாட்டார்.

கடலுக்கும் களப்புக்கும் நடுவே, கற்பிட்டி வீதியோரம் இருக்கும் இந்தச் சின்னத் தபால் கந்தோரில் அப்போது நாம் மூன்று பேர். நீங்கள் அதிபர், நான் கவுண்டரில், தபால் கொண்டுபோவது சுனில் அண்ணன். காலைப் பை வந்ததும் மூவரும் ஒரே மேசையில் பிரிப்போம். நீங்கள் கடலோரத்து மீன்வாடிகளின் கதை சொல்வீர்கள், சுனில் அண்ணன் சிலாபத்துச் சந்தைக் கதை சொல்வார். நான் அதிகம் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். என் நோன்பு காலத்தில் நான் முன்னால் இருக்கும்போது தேத்தண்ணி குடிக்காமல் பின்கட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவீர்கள். வேண்டாம் அக்கா, இங்கேயே குடியுங்கள் என்று எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டதேயில்லை.

வேலையை நிறுத்திப் பணிப்பகிஷ்கரிப்பு என்று தபால் ஊழியர் சங்கம் அறிவித்தபோது எனக்குத் தயக்கமாக இருந்தது. நிரப்பாமல் கிடந்த வெற்றிடங்கள், வெட்டப்பட்ட மேலதிக நேரக் கொடுப்பனவு எல்லாம் எனக்கும் தெரிந்த குறைகள்தான். ஆனால் கதவைப் பூட்டிவிட்டு வாசலில் போய் இருப்பது என்றால்? நீங்கள் கதவைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வாசற்படியில் போய் இருந்தீர்கள். ஒரு பக்கத்தில் சுனில் அண்ணன், மறுபக்கத்தில் நான். வீதியில் போன பஸ்ஸெல்லாம் நம்மைப் பார்த்துக்கொண்டே போயின.

முதலில் வந்தது வாடிக்கார மதலேனம்மாதான். முதியோர் கொடுப்பனவு எடுக்க வந்தவ. கதவு பூட்டியிருப்பதைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்று உங்களை ஏசினா. உங்களுடைய சம்பளம் கூடுவதற்கு நாங்கள் பட்டினி கிடக்கவா என்று கேட்டா. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து அமர்த்தினீர்கள். அவ போன பிறகு, "அவ சொன்னதில பொய் இல்ல, ரிஸானா" என்றீர்கள். பின்னேரம் அவவின் வாடிக்குத் தனியாகப் போய்விட்டு வந்தீர்கள். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். கதைக்கவில்லை, அவ கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தா, நானும் கூட நின்று காயப்போட்டுவிட்டு வந்தேன் என்றீர்கள்.

மறுநாள் மத்தியானம் மதலேனம்மா அவித்த மரவள்ளியும் சம்பலும் கொண்டுவந்து படியில் வைத்தா. "கோபம் போகல்ல. ஆனா பசியோட இருக்கப்படாது." அவ்வளவுதான் சொன்னா. அதற்குப் பிறகு வாடிப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நம்மோடு இருந்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். சிலர் திட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் வந்தார்கள்.

பிறகு தபால் அத்தியாவசிய சேவை என்று அரசாங்க வர்த்தமானி வந்தது. வேலைக்குத் திரும்பாதவர்கள் பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுவார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். அன்று சுனில் அண்ணன் படியிலிருந்து எழுந்தார். மகளின் கலியாணம் நெருங்கிவிட்டது, என்னால் முடியாது என்று உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் பெரிய கந்தோருக்குப் போய் வேலைக்குத் திரும்புவதாகக் கையெழுத்து வைத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அவன் கெட்டவனில்ல. அவனைப் பயப்படுத்தினாங்க" என்றீர்கள்.

அதே நாள் என் கூடப்பிறந்த நானா மோட்டார் சைக்கிளில் வந்தார். பொம்பிளப் பிள்ளை வீதியோரம் இருக்கிறாள் என்று பள்ளிவாசல் சந்தியில் கதைக்கிறார்களாம். இறங்காமலேயே, "எழும்பு, ஊட்டுக்குப் போவோம்" என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் போகாதே என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். சொன்னால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"போறதெண்டாப் போ, ரிஸானா. வேலைய நிப்பாட்டுற உரிமை எங்கட எண்டா, நிப்பாட்டாம இருக்கிறதும் உன்ட உரிமைதான். நான் உன்னோட கோபிக்க மாட்டேன்."

நான் போகவில்லை. நானா மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். பிறகு சந்திக் கடையில் பாணும் பருப்பும் வாங்கி, நம் இருவருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அதை இன்றைக்கும் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை.

பகிஷ்கரிப்பு பாதி வெற்றியில் முடிந்தது. கேட்டதில் கொஞ்சம் தந்தார்கள், மிச்சத்தைப் பார்ப்போம் என்றார்கள். ஒருவரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. கதவைத் திறந்த அன்று வரிசையில் முதலாவதாக நின்ற மதலேனம்மாவிடம் நீங்கள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டீர்கள். சுனில் அண்ணனுக்கு எப்போதும்போல முதல் தேத்தண்ணியை நீட்டினீர்கள். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு சைக்கிளடிக்குப் போய்விட்டார்.

கடற்கரைக்குப் போகும் பாதையை ஒரு ஹோட்டல் கம்பனி கம்பி வேலி போட்டு அடைத்தது அடுத்த வருடம். தோணி இழுக்க வழியில்லை, கருவாடு காயப்போட இடமில்லை. வழியைத் திறக்கச் சொல்லி வாடிப் பெண்கள் வீதியில் போய் இருந்தார்கள். சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து, நாமும் போய் அவர்களோடு இருக்க வேண்டும் என்றீர்கள். அது மீன்பிடிக்காரரின் பிரச்சினை, நமக்கென்ன என்றார்கள். நாம் வாசலில் இருந்தபோது அவர்கள் வந்தது யாருடைய பிரச்சினைக்கு என்று கேட்டீர்கள். வேலை முடிந்த பின், சீருடையை மாற்றாமல் நீங்கள் வாடிப் பெண்களிடம் நடந்தீர்கள். நான் உங்கள் பின்னால் வந்தேன்.

யாரோ எடுத்த படம் கைபேசிகளில் சுற்றியது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். கடமை நேரத்துக்குப் பிறகு போனேன், இன்னமும் போவேன் என்று எழுதிக் கொடுத்தீர்கள். இடமாற்றம் வந்தது. வில்பத்துக் காட்டோரம், எலுவன்குளத்துப் பக்கம். காரணம், சேவையின் தேவை. உங்களுக்காகக் கிளை ஒரு கண்டனம் எழுதியது. வேலையை நிறுத்த ஒருவரும் தயாராக இல்லை. நான் மட்டும் நிறுத்துகிறேன் என்றேன். ஒருத்தி நிறுத்தினால் அது பகிஷ்கரிப்பு இல்லை, லீவு என்று சிரித்தீர்கள்.

அங்கே ஒரு அறை எடுத்து இருந்தீர்கள். ஆரம்பத்தில் தினமும் பின்னேரம் அழைப்பீர்கள். மயில் சத்தம் கேட்குதா என்று கைபேசியை ஜன்னலுக்கு வெளியே பிடிப்பீர்கள். யானை பயத்தில் மாலையானால் ஒருவரும் வெளியே வருவதில்லை, கதைக்க ஆளில்லை என்று ஒரு முறை சொன்னீர்கள். ஒரே ஒரு முறைதான். ஞாயிறு பூசைக்கு வண்ணாத்திவில்லு வரை பஸ் பிடித்துப் போவதாகவும், திரும்பி வரும்போது வழி நெடுக மனம் பாரமாக இருப்பதாகவும் சொன்னீர்கள். இடமாற்றத்துக்கு எதிராக நீங்கள் செய்த மேன்முறையீட்டுக்குக் கடைசி வரை பதில் வரவில்லை.

காய்ச்சல் என்றுதான் முதலில் கேள்விப்பட்டேன். பிறகு நீங்கள் சிலாபம் ஆஸ்பத்திரியில் இருப்பதாக உங்கள் தங்கச்சி சொன்னா. நான் வந்தபோது முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "வேலி என்ன மாதிரி?" என்று கேட்டீர்கள்.

ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள் அக்கா, தோணி போக இடமிருக்கிறது என்றேன்.

"எல்லாருக்குமா?"

பகலில் மட்டும் என்றேன்.

"அப்ப இரவில மீனுக்கு லீவு போல" என்றீர்கள். சிரிக்கப் பார்த்தீர்கள், இருமல் வந்துவிட்டது. அதுதான் நாம் கதைத்த கடைசிக் கதை.

உங்கள் அடக்கத்துக்கு வாடிப் பெண்கள் ஒரு பஸ் பிடித்து வந்தார்கள். கந்தோர்க்காரர் சிலர் வந்து சீக்கிரம் போனார்கள். சுனில் அண்ணன் மட்டும் மண் போட்டு முடியும் வரை நின்றார். நான் மதிலோரம் நின்று எனக்குத் தெரிந்த மாதிரி உங்களுக்காகத் துஆக் கேட்டேன்.

இப்போது காலைப் பையை நான் தனியாகப் பிரிக்கிறேன். சுனில் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்த தபால்காரப் பையன் காதில் எதையோ செருகிக்கொண்டு பாட்டுக் கேட்கிறான். மேசையில் வாடிக் கதையும் இல்லை, சந்தைக் கதையும் இல்லை. முத்திரை குத்தும் சத்தம் மட்டும்தான்.

போன கிழமை புத்தளத்தில் உப்பளத்துப் பெண்கள் வீதியில் இருந்தார்கள். கொந்தராத்துக்காரரை மாற்றும்போது பழைய ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். நாமும் போவோமா என்று கிளையில் கேட்டேன். உங்களுக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னார்கள். கந்தோரில் கேட்டேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையன் பாட்டை நிறுத்திவிட்டு, அங்க என்னத்துக்கு மிஸ் என்று உண்மையாகவே கேட்டான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து புத்தளத்துக்குப் பஸ் எடுத்தேன். இறங்கி, அவர்களுக்கு எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையடியில் நெடுநேரம் நின்றேன். அங்கே ஒரு முகம்கூடத் தெரியாது. அக்கா, ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் முன்னால் நடந்தபோது நான் உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கு முன்னால் ஒருவருடைய முதுகும் இருக்கவில்லை என்பதை அன்றைக்கு நான் நினைக்கவேயில்லை. அந்தக் கடையடியில்தான் அது விளங்கியது.

வீதியைக் கடந்தேன். அவர்கள் இருக்க விரித்திருந்த படங்கின் ஓரத்தில் போய் நின்றேன். உப்பு வெடிப்பு ஓடிய கால்களை நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க யாரோட வந்த?"

தனியத்தான் வந்தேன் என்றேன்.

அவள் கால்களை மடக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்தவளைத் தள்ளி இருக்கச் சொன்னாள். நான் போய் இருந்தேன்.

உங்கள்
ரிஸானா