ஐம்பத்தெட்டாவது பிட்

மார்ச் 3

நான் எழுதிக் கொடுத்த நிரலை இன்றும் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாவது முறை. கதவில் 'தலைமைப் பொறியாளர்' என்று பலகை. வயதில் என் மகளைவிடச் சின்னவள்.

நான் கேட்பது ஒரே ஒரு பிட். நினைவகத்தின் ஒவ்வொரு பக்கமும் எங்கே இருக்கிறது என்று குறிக்க அட்டவணையில் ஒரு வரி, அதில் அறுபத்துநான்கு பிட், ஒவ்வொன்றிலும் பூஜ்யமோ ஒன்றோ. முக்கால்வாசி சிப்புக்கு. நமக்கென்று விட்டதை மற்றவர்கள் எப்போதோ வளைத்துப் போட்டுவிட்டார்கள். ஐம்பத்தெட்டாவது மட்டும் சும்மா கிடக்கிறது. பக்கம் மாறினால் அதில் ஓர் அடையாளம் வைப்பேன். நகல் எடுக்கும்போது மாறியதை மட்டும் எடுத்தால் போதும். நகல் முடியும்வரை இப்போது பத்தொன்பது விநாடி உறைந்து நிற்கும் இயந்திரம் ஒரே விநாடியில் எழும்.

மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. எங்கள் இயங்குதளத்தின் இந்த வெளியீட்டில் சேராவிட்டால் பிறகு யார் சேர்ப்பார்கள்?

மார்ச் 4

கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் என்று கேன்டீனில் பேச்சாம். அந்தக் கேன்டீனில் சிப்பின் கையேட்டை முழுதாகப் படித்தவன் வேறு எவன்?

மார்ச் 6

அவள் அறைக்கே போனேன். இடம் போதாமல் ஒரு பக்கத்தை வட்டுக்கு அனுப்பும்போது, வட்டில் எங்கே வைத்தோம் என்பதையும் அதே வரியில்தான் எழுதுகிறோம். அப்போது என் பிட் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"வட்டுக்கு அனுப்புற புரோகிராம ஒரு தடவ படிச்சுப் பாருங்க சார்."

அதை எழுதியது மீசை; ஆபீசில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். என் மேசையிலிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். பேசி ஆறு வருஷம். சோதனை இயந்திரத்துக்கு இரண்டாவது வட்டு வேண்டுமென்று அவர் கேட்டார், தேவையில்லை என்று நான் எழுதினேன். அதிலிருந்து இப்படி. அவர் எழுதியதை நான் படிப்பதா? நான்கு நாள் ஓட்டியும் ஒரு பிழை இல்லை என்றேன். எங்கள் வாடிக்கையாளரான ஓர் அச்சகத்துக்கு வெள்ளோட்டமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு.

மார்ச் 9

மனைவி: "சும்மா கெடக்குற ஒரு கட்டத்துக்காகவா இந்தக் கோவம்? நானும்தான் சும்மா கெடக்குறேன், என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கையேட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தேன்.

மார்ச் 13

அச்சக மேலாளர் ஃபோன். புவியியல் பாடப் புத்தகத்தையும் ஒரு மருந்து விலைப்பட்டியலையும் ஒரே நேரத்தில் ஓட்டியிருக்கிறார்கள்.

"மலைகள்னு ஒரு பாடம் சார். நடுவுல இருமல் மருந்து வெல வந்திருக்கு. மலை ஏறினா இருமுமா?"

யாரோ எதையோ தப்பாக அழுத்தியிருப்பார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அழுத்தியிருப்பார்களா?

மார்ச் 14

மீசை எழுதியதைப் படித்தேன். முப்பது வரிதான்.

மேல் பிட்டுகள் எந்த வட்டு என்ற எண்ணுக்கு. தொடங்குவது ஐம்பத்தெட்டில் — என் பிட்டில். எண் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். எங்கள் இயந்திரத்தில் ஒரே வட்டு, அதனால் அந்த இடம் எப்போதும் பூஜ்யம். அச்சகத்தில் இரண்டு. நகல் முடிந்ததும் நான் அடையாளத்தை அழிக்கிறேன், ஒன்று பூஜ்யமாகிறது, இயந்திரம் முதல் வட்டுக்குப் போய் வேறு எவனுடைய பக்கத்தையோ தூக்கி வருகிறது.

ச்சே. ரெண்டாவது வட்டு இருந்திருந்தா முதல் நாளே மாட்டியிருக்கும். வேணாம்னு எழுதினது யாரு? நான்தானே.

மார்ச் 15

வேலைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவியைச் சொல்லச் சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 18

மாற்றி எழுதினேன். பக்கம் நினைவகத்தில் இருந்தால் அடையாளம் ஐம்பத்தெட்டில். வட்டுக்குப் போனால் கீழே ஒன்றாவது பிட்டில். வெளியே போன பக்கத்தின் வரியில் சிப் பூஜ்யமாவது பிட்டை மட்டுமே பார்க்கும், மற்றது நம் இஷ்டம். ஓர் அடையாளத்துக்கு இரண்டு இடம். அசிங்கம்தான். அந்த அபிப்பிராயத்தில் மாற்றமில்லை.

படித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "எந்த மெஷின்ல ஓட்டிப் பாத்தீங்க சார்?"

மார்ச் 20

ஸ்டோரில் இரண்டாவது வட்டு வாங்கி நானே மாட்டினேன். ஒரு திருகாணி உருண்டு ஓடியது. மீசை குனிந்து எடுத்து நீட்டினார்.

"எத்தன நாள் ஓட்டணும்?"

"ஒரு வாரம்."

அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 28

ஒரு வாரம் ஓடியது. பிழை இல்லை. சேர்த்துவிட்டாள்.

கோப்பின் தலையில் எழுதியவர் பெயர் போட வேண்டும். மீசையின் பெயரையும் போட்டேன். என் பெயருக்குக் கீழே.