கேட்டிருந்தது கொடுத்ததாகாது

கூர்மலை நாடாளும் மழவர் குலத்து ஆதிரன், பெருங்கல் கோட்டையிலிருந்து, துறைவள நாட்டின் அதிபரும், மூன்று முகத்துவாரங்களின் காவலரும், அலைகளுக்கே ஆணையிடுபவர் என்று தம் அவைப் புலவர்களால் அழைக்கப்படுபவருமான பரிதிவேளுக்கு விடுக்கும் ஓலை.

உம் உப்பளங்கள் விளைக. உம் மீனவர் கரை சேர்க. உம்மைப் பெற்ற தாயார் நோயின்றி வாழ்க. உமக்கென்று வாழ்த்து எதுவும் இவ்வோலையில் இல்லை. அது எழுத்தரின் மறதி அன்று.

உம் ஓலை வந்து சேர்ந்தது. உம் தூதர் எம் அவையில் நின்று எம் எல்லை நகராகிய ஈரணையைக் கேட்டார் என்றும், யாம் மறுக்கவில்லை என்றும், மறுக்கப்படாத கேள்வி ஈந்த கொடையே ஆகும் என்பது உம் நாட்டு வழக்கம் என்றும், ஆகவே ஈரணை உம்முடையதாயிற்று என்றும் அதில் எழுதியிருந்தீர். உம் படையை எதிர்த்துப் பேசிய எம் ஈரணைக் கோட்டைக் காவலன் சாத்தையனை இனி உம் குடியென்றும், கலகக்காரன் என்றும் குறித்திருந்தீர். வரும் முழுநிலவுக்குள் யாம் முத்திரையிட்டு ஒப்புதல் தராவிடில் அவன் தலை உம் துறைமுகத்துத் தூணில் ஏறும் என்றும் முடித்திருந்தீர். அதை வாசித்துக் கீழே வைத்தோம். வெயில் முற்றத்தைக் கடந்து போகும் வரை எழவில்லை. எம் அமைச்சர்கள் எம் இயல்பை அறிந்தவர்கள். ஒருவரும் அருகில் வரவில்லை.

வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர். எம் வழக்கத்தையும் கேளும். எம் அவையில் தூதர் ஒருவர் சொல்லி முடித்ததும், அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணம் ஒன்று நீரில் மிதக்க விடப்படும். அது நிறைந்து மூழ்கும் வரை தூதரோ அமைச்சரோ அரசனோ வாய் திறப்பதில்லை. ஒருவருடைய சொல் அடங்கிய பிறகே மற்றவருடைய சொல் பிறக்க வேண்டும் என்று எம் முன்னோர் எண்ணினர். கிண்ணம் மூழ்கியதும் அரசன் மறுமொழி சொல்வான். அதற்கு முன் அங்கே நிலவுவது இசைவும் அன்று, மறுப்பும் அன்று; கேட்டதை மனத்துள் வைத்துப் பார்த்தல் மட்டுமே.

உம் தூதர் பூதங்கொற்றன் இதை அறியார் என்று சொல்லிவிடாதீர். உம் நாட்டில் மழை பொய்த்த ஆண்டில் நெல் கேட்டு வந்தவர் அவரே. அன்று தலை குனிந்து, கிண்ணம் மூழ்கும் வரை அசையாமல் அமர்ந்திருந்தார். மறுமொழியைப் பெற்றார்; நெல்லையும் பெற்றார். பசியில் விளங்கிய வழக்கம் வயிறு நிறைந்தபின் எப்படி விளங்காமல் போகும்?

இம்முறை முதலில் எம்மைப் புகழ்ந்தார். எம் மலையை எம் தோளாகவும், அருவிகளை எம் கொடையாகவும் ஆக்கினார். கிண்ணம் மிதக்க விடப்பட்டது. அது பாதி நிறையும் முன்பே மீண்டும் எழுந்து நகைச்சுவையில் இறங்கினார். இந்நாட்டில் கோட்டைக்குக் கல் வெட்டிய குழியிலேயே அரசனையும் வெட்டி எடுத்தார்களோ என்று எம் முதலமைச்சரைப் பார்த்துக் கேட்டார். இளையவர்கள் சிலர் சிரித்துவிட்டனர். யாமும் உள்ளுக்குள் சிரித்தோம் என்பதை மறைக்க மாட்டோம். பின்பு அச்சுறுத்தினார். படைமுன் நின்று பேசுவோரின் குரலை எடுத்துக்கொண்டு, உம் கலங்களையும் களிறுகளையும் வரிசையாக நிறுத்தினார். எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர் அவர். கிண்ணம் மூழ்குவதற்குள் வணங்கிவிட்டு வெளியேறினார். எம் மறுமொழி அவையிலேயே நின்றுவிட்டது. அதைக் கேட்க வேண்டியவர் குதிரை ஏறியிருந்தார்.

பேச்சின் வகைகளைப் பற்றி யாம் நெடுங்காலம் எண்ணியிருக்கிறோம். குறைவாகப் பேசுகிறவர்களுக்கு அதற்கு நேரம் உண்டு. புகழ்கிறவர் எதையோ கேட்க வந்திருக்கிறார். நகைக்கிறவர் எம் தோல் எவ்வளவு தடிப்பு என்று தொட்டுப் பார்க்கிறார். அச்சுறுத்துகிறவர் தம் அச்சத்தை எமக்குக் காட்டிவிட்டுப் போகிறார். இம்மூன்றும் எம்மை வருத்தவில்லை. நான்காவது ஒன்றை அவர் எம்மிடம் பேசவில்லை. அதை ஈரணைக்கென்று வைத்திருந்தார்.

ஈரணையின் சந்தையில் அவர் மேலாடையைக் களைந்து, குடுமியை அவிழ்த்து, இழவு வீட்டுக்கு வந்தவர் போல நின்றார் என்று சந்தைக் கண்காணி எமக்கு அறிவித்தார். குரலைத் தாழ்த்தி, ஈரணை மக்களுக்காக இரங்கல் உரைத்தார். உங்கள் அணைகளைக் கட்டிய குலம் உங்களைக் கைவிட்டது, கேட்டவுடன் தந்துவிட்டது, உங்களுக்காக ஒரு சொல்லும் அவையில் எழவில்லை என்று அழுதார். அப்போது சேந்தி என்னும் உப்பு வணிகத்தி, தராசைக் கீழே வைத்துவிட்டு, ஐயா, கொடுத்தேன் என்று எங்கள் அரசர் அவர் வாயால் சொன்னாரா, உம் வாயால் சொன்னாரா என்று கேட்டாளாம். சந்தை சிரித்தது. உம் தூதர் சினக்கவில்லை. அம்மையே, அவர் வாய் திறந்திருந்தால் நான் இந்தத் துயரச் செய்தியைச் சுமந்து வந்திருப்பேனா என்று இன்னும் அழுதார். சிரிப்பு நின்றது. அச்சுறுத்தியிருந்தால் அம்மக்கள் கல்லெடுத்திருப்பார்கள். தமக்காக அழுகிறவனை அடிக்க அவர்களுக்குக் கை வரவில்லை.

சாத்தையன் வாளின்றித் தனியே கோட்டையிலிருந்து இறங்கி வந்தான். அரசர் மறுமொழி இன்னும் வரவில்லை, வரும் வரை எந்தக் கதவும் திறக்காது என்று மட்டும் சொன்னான். வணிகர் உடையில் கூட்டத்தில் நின்ற உம் ஆட்கள் அவனைப் பிடித்துக் கட்டி, உம் நாட்டுக்குக் கொண்டு போயினர். பிறகு ஊரார் நகர வாயிலைத் திறந்தனர். உம் தமக்கை மகன் அருமன் படையோடு உள்ளே வந்தார். இதற்கு உம் ஓலையில் நீர் இட்ட பெயர் கொடை.

பரிதிவேளே, வென்று எடுத்திருந்தால் உம்மைப் பகைவர் என்று மதித்திருப்போம். எம் மௌனத்தைத் திருடி, அதற்கு உம் குரலைப் பூட்டி, எம் மக்களிடமே விற்றீர். பகைவர் என்னும் சொல்கூட உமக்குச் சற்றுப் பெரிது.

இனி நடந்ததைக் கேளும். உம் ஓலையை வாசித்த பின் யாம் ஈரணைக்குப் புறப்பட்டோம். நகரை ஒட்டி ஓடும் கால்வாய்க்கு இக்கரையிலுள்ள பாறையில், உச்சிவேளையில், சந்தை நிறைந்திருந்தபோது ஏறி நின்றோம். எம் குரலை அம்மக்கள் அதற்கு முன் கேட்டதில்லை. ஈரணையை யாம் கொடுக்கவில்லை, கொடுக்க மாட்டோம், வாயிலைத் திறந்தவர்கள் மேல் எமக்குச் சினமில்லை என்று சொன்னோம். அவ்வளவே. குரல் நடுவில் உடைந்தது. உவமை ஒன்றும் தோன்றவில்லை. சேந்தி அக்கரையிலிருந்து, இவ்வளவுதானா, இதைச் சொல்லவா இத்தனை நாள் எடுத்துக்கொண்டீர் என்று ஊர் கேட்கக் கத்தினாள். அவள் கேட்டதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை; ஆகையால் உமக்கு எழுதும் ஓலையிலும் அதை எழுதி வைக்கிறோம்.

அந்நேரம் உம் படையினர் நகரக் களஞ்சியத்துள் உணவுக்கு அமர்ந்திருந்தனர். வாள்கள் வெளியே தாழ்வாரத்தில் சாத்தப்பட்டிருந்தன. எம் சொல் முடிந்ததும் ஈரணை மக்கள் களஞ்சியக் கதவைச் சாத்தி, சந்தையில் இருந்த உப்பு மூட்டைகளை எல்லாம் அதன்மேல் அடுக்கினர். யாம் ஆணையிடவில்லை. உள்ளே உணவும் நீரும் உண்டு. அருமன் நலமாக இருக்கிறார், மிகவும் உரக்கப் பேசுகிறார். ஈரணையின் வாயில் இப்போது எம் காவலில் உள்ளது. உம் அவையில் இவ்வோலை வாசிக்கப்படும் இவ்வேளையில், இதே சொற்கள் சந்தையிலும் வாசிக்கப்படுகின்றன.

ஆகவே எம் ஆணை இது. சாத்தையனை அக்கால்வாயின் மடைக்கரைக்கு அழைத்து வாரும். அவன் ஈரணைக் கரையில் கால் வைத்ததும் களஞ்சியம் திறக்கப்படும். உம் படையினர் வாளின்றி வெளியேறலாம். அருமன் கடைசியாக வெளியே வருவார். பூதங்கொற்றனும் சாத்தையனுடன் வர வேண்டும். அதே சந்தையில், அரசர் கொடுக்கவில்லை, நானே பொய் சொன்னேன் என்னும் ஒரே தொடரை, புகழாமலும் நகைக்காமலும் அச்சுறுத்தாமலும் அழாமலும் அவர் சொல்ல வேண்டும். அவர் எத்தனை முறை தொடங்கினாலும் சேந்தி போதும் என்று சொல்லும் வரை அது முடிந்ததாகாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் உப்பு மூட்டைகள் அங்கேயே இருக்கும். யாம் உம் நாட்டு எல்லைக்குள் இருப்போம்.

கூர்மலையின் இரட்டைச் சிகர முத்திரை, எம் கையாலேயே இடப்பட்டது. இதற்குச் சாட்சி பெருங்கல் அவையோர். இதை ஏந்தி வருபவர் உண்டு, உறங்கி, ஊறின்றித் திரும்புக.

முத்திரைக்குக் கீழே ஒன்று சேர்க்கிறோம். சாத்தையன் நடந்து வர வேண்டும். தூக்கி வரப்படக் கூடாது.